ஹாக்கி உலகக் கோப்பை வேண்டும் என்கிறார்கள். அதற்கான அணியைக் கட்டுவது யார்?

வடசேரிக்காரன் (30 ஜூன் 2025)

உலகின் முன்னணி ஹாக்கி அணிகள் ஆடும் புரோ லீக் பருவம் முடிந்துவிட்டது. 9 அணிகளில் நம் ஆண்கள் அணிக்குக் கிடைத்தது 8-ஆம் இடம். நமக்குக் கீழே இருந்த அயர்லாந்து கீழ்த்தட்டுக்கு இறங்கியது. நாம் மயிரிழையில் தப்பினோம். கடைசி ஆட்டத்தில் ஆன்ட்வெர்ப்பில் பெல்ஜியத்தை 4-3 என்று வென்றதைக் காட்டி, முடிவு நல்லபடியாக அமைந்தது என்று நிம்மதி கொள்வோரைப் பார்க்கிறேன். அந்த ஒரு வெற்றிக்கு முன்னால் தொடர்ந்து 7 தோல்விகள் இருக்கின்றன: நெதர்லாந்திடம் 1-2, 2-3, அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2, ஆஸ்திரேலியாவிடம் இரண்டு முறையும் 2-3, பிறகு பெல்ஜியத்திடம் 3-6. பிப்ரவரியில் புவனேஸ்வரத்தில் சேர்த்து வைத்த புள்ளிகள் இல்லையென்றால் அயர்லாந்தோடு நாமும் இறங்கியிருப்போம்.

தோற்றதற்காக நான் இதை எழுதவில்லை. ஏழில் ஆறு தோல்விகள் ஒரே கோல் வித்தியாசத்தில் வந்தவை என்பதுதான் என்னை உறுத்துகிறது. முழுதாகத் தோற்கடிக்கப்பட்ட அணி என்றால் திறமை போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். இது அப்படியல்ல, உலகின் முதல் வரிசை அணிகளோடு சரிக்குச் சரியாக ஆடி, முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்கத் தெரியாமல் ஆறு முறை அடுத்தடுத்துக் கைவிட்ட அணி. இது ஆட்டக்காரர்களுடைய கால்களில் மட்டும் உள்ள குறையாக எனக்குத் தோன்றவில்லை. யாரை எப்போது களத்தில் வைப்பது, முன்னிலையில் இருக்கும்போது எப்படிப் பந்தை வைத்துக்கொள்வது, பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் நிர்வாகமும் பயிற்சிக் குழுவும் தேர்வுக் குழுவும் சேர்ந்து எடுக்கும் முடிவுகள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் உலகக் கோப்பை நடக்கிறது. நாம் அதை வென்றது 1975-இல் கோலாலம்பூரில், பாகிஸ்தானை 2-1 என்று வீழ்த்தி. அந்த அணியில் நம் தமிழ்நாட்டு வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார். அதன் பிறகு ஒரு முறைகூட அரையிறுதியை எட்டவில்லை. 50 ஆண்டுகள். கோப்பைதான் குறி என்று மேடைதோறும் பேசும் நிர்வாகம் அதற்கு என்ன திட்டம் வைத்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஆரல்வாய்மொழிக் காற்று (30 ஜூன் 2025)

அண்ணாச்சி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கணக்கை முழுதாக எழுதுங்கள். டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் வந்தது. பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று மீண்டும் வெண்கலம். அதே பாரிஸில் 1972-க்குப் பிறகு முதல் முறையாக ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை வென்றோம். காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் 17-ஆம் நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு, மீதி ஆட்டம் முழுவதையும் பத்துப் பேரோடு தாங்கி நின்று, ஷூட் அவுட்டில் (சமநிலையை முறிக்க ஒருவர் பின் ஒருவராகக் கோல்கீப்பரை எதிர்கொள்ளும் முறை) பிரிட்டனை அனுப்பி வைத்தது யாருடைய பயிற்சி? இப்போதைய பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டன் 2023-இல் வந்தவர். தற்காப்பை முதலில் கட்டி, அதன் மேல் தாக்குதலை வைக்கும் அவருடைய முறைக்கு அந்தக் காலிறுதியைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஒரு மோசமான ஜூன் மாதத்தை வைத்து அவரை அனுப்பச் சொன்னால், நாம் பழைய பாதைக்கே திரும்புவோம்.

வடசேரிக்காரன் (1 ஜூலை 2025)

ஃபுல்டனை அனுப்பச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? நேர் எதிராகச் சொல்கிறேன். அந்தப் பழைய பாதையைப் போட்டது யார் என்பதைப் பாருங்கள்.

மைக்கேல் நாப்ஸ் 2011-இல் பயிற்சியாளராக வந்தார், 2013-இல் போனார். டெர்ரி வால்ஷ் 2014-இல் இன்சியான் ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கித் தந்த சில வாரங்களிலேயே நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் விலகினார். அடுத்து வந்த பால் வான் ஆஸ் 2015-இல் ஓர் ஆண்டுகூட நிற்கவில்லை. ரோலன்ட் ஓல்ட்மன்ஸ் 2017-இல் நீக்கப்பட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை: பெண்கள் அணியை நடத்திக்கொண்டிருந்த ஸ்யூர்ட் மரினேவை ஆண்கள் அணிக்குக் கொண்டுவந்து, 2018 காமன்வெல்த் போட்டியில் பதக்கம் வரவில்லை என்றதும் அவரை மறுபடியும் பெண்கள் அணிக்கும், அங்கே இருந்த ஹரேந்திர சிங்கை ஆண்கள் அணிக்கும் இடம் மாற்றினார்கள். அந்த ஹரேந்திர சிங்கும் புவனேஸ்வர உலகக் கோப்பையின் காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்றதையடுத்து 2019 ஜனவரியில் நீக்கப்பட்டார். டோக்கியோ வெண்கலத்தைப் பெற்றுத் தந்த கிரஹாம் ரீட் 2023 உலகக் கோப்பை முடிந்ததும் தாமே விலகினார்.

பதக்கம் வந்தால் மேடையில் காசோலை, வராவிட்டால் பயிற்சியாளருக்கு விடை. இதற்கு நடுவே எதுவும் இல்லை. ஒரு பயிற்சியாளர் தோற்றால் ஏன் தோற்றார் என்று ஆராய்ந்து, அந்த ஆய்வை அடுத்தவர் கையில் கொடுத்தால் அதற்குப் பெயர் நிர்வாகம். இங்கே ஒவ்வொருவரும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்.

அந்த 2023 ஜனவரி உலகக் கோப்பையில் நியூசிலாந்தோடு நடந்த ஆட்டத்தை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். சொந்த மண், நிரம்பி வழிந்த கலிங்கா அரங்கம், வென்றால் காலிறுதி. 3-1 என்று முன்னிலையில் இருந்தோம். அதை 3-3 ஆக்கவிட்டு ஷூட் அவுட்டுக்குப் போனோம். அதன் நடுவிலேயே கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் காயப்பட்டு, கிருஷன் பதக் கோலுக்குள் வர வேண்டியதாயிற்று. 4-5 என்று முடிந்தது. ஆட்டத்தை முடிக்கத் தெரியாத அன்றைய குறைதான் இரண்டரை ஆண்டு கழித்து இந்த ஜூனிலும் ஆறு முறை தலைகாட்டியிருக்கிறது. ரீட் போனார், ஃபுல்டன் வந்தார், குறை அங்கேயே இருக்கிறது. அப்படியானால் அது பயிற்சியாளருடைய குறையா?

பி.டி. மாஸ்டர், மார்த்தாண்டம் (2 ஜூலை 2025)

நண்பர்களே, இருவரும் பயிற்சியாளரைச் சுற்றியே வருகிறீர்கள். நான் கோல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறேன். பாரிஸில் எட்டு ஆட்டங்களில் நாம் அடித்தவை 15 கோல்கள். அவற்றில் ஹர்மன்பிரீத் சிங் ஒருவரே அடித்தவை 10. அந்தப் பத்தும் பெனால்டி கார்னரிலிருந்தோ, கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலிருந்தோ வந்தவை. மற்ற எல்லாரும் சேர்ந்து அடித்தவை 5. இது வெண்கலத்துக்குப் போதும். உலகக் கோப்பைக்குப் போதாது.

ஏன் போதாது என்பதற்குப் பெனால்டி கார்னர் எப்படி நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கோல் கம்பத்துக்குத் தள்ளி, பின் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுகிறார். கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்கு வெளியே ஒருவர் அதை நிறுத்துகிறார். ஃபிளிக் செய்பவர் உடம்பைத் தாழ்த்தி, பந்தை மட்டையின் கழுத்தில் ஏற்றி, இழுத்து வந்து வீசுகிறார். நேராக அடித்தால் முதல் அடி கோல் பலகையின் உயரத்தைத் தாண்டக் கூடாது. இழுத்து வீசினால் அந்தத் தடை இல்லை, மேல் மூலைக்கும் அனுப்பலாம். தற்காப்பில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்தே பேர். அவர்களில் முதலில் பாய்ந்து வருபவர், முகக் கவசமும் முழங்கால் காப்பும் அணிந்துகொண்டு, பந்து வரும் பாதையிலேயே நேராக ஓடி வருகிறார். உலகிலேயே இந்தப் பாய்ச்சலைச் சிறப்பாகச் செய்பவர்களில் நம் அமித் ரோஹிதாஸும் ஒருவர். எதிரணியில் அவரைப் போல ஒருவர் இருந்து, வீசப்போவது ஹர்மன்பிரீத்தான் என்று முன்கூட்டியே தெரிந்தும் இருந்தால், அவர் ஓட வேண்டிய கோடு எது என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

பெல்ஜியமும் ஜெர்மனியும் எப்போதும் இரண்டு, மூன்று ஃபிளிக்கர்களைக் களத்தில் வைத்திருக்க முயல்கின்றன. நம்மிடம் ஜுக்ராஜ் சிங் இருக்கிறார், ரோஹிதாஸும் வீசுவார். ஆனாலும் நெருக்கடி வந்தால் பந்து ஒருவரிடம்தான் போகிறது. இது தேர்வுக் குழு பல ஆண்டுகளாகத் தள்ளிப் போட்டு வரும் வேலை. பயிற்சியாளர் வந்து மூன்று மாதத்தில் ஒரு டிராக் ஃபிளிக்கரை உண்டாக்கிவிட முடியாது. பதினான்கு, பதினைந்து வயதில் இடுப்பையும் தோளையும் பழக்கப்படுத்தத் தொடங்கினால்தான் இருபத்து மூன்றில் ஒருவர் கிடைப்பார். எங்கள் பள்ளி மைதானம் போன்ற செம்மண் தரையில் அதைப் பழக்கவே முடியாது. பந்து ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு விதமாகத் துள்ளும், பையன் பாதி இழுப்பிலேயே பந்தை விட்டுவிடுவான்.

குளச்சல் கரை (2 ஜூலை 2025)

ஆண்கள் அணி 8-ஆம் இடம் என்று இவ்வளவு எழுதுகிறீர்கள். பெண்கள் அணி 9-ஆம் இடத்தில் முடிந்து புரோ லீக்கிலிருந்தே இறங்கிவிட்டது. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாததும் அவர்கள்தான். அதையடுத்து அவர்களுடைய பயிற்சியாளர் யானெக் ஷாப்மன் விலகினார். டோக்கியோவில் 4-ஆம் இடம் வரை போன அணி மூன்று, நான்கு ஆண்டுகளில் இந்த நிலைக்கு வந்திருக்கிறது. அதைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

தூத்தூர் பதினொன்று (3 ஜூலை 2025)

நான் கால்பந்துக்காரன்; உங்கள் விவாதத்தில் எனக்கு வேலை இல்லை என்று நினைத்தால் மன்னிக்கவும். ஆனால் மாஸ்டர் சார் எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் கடற்கரை ஊர்களில் யாரும் திட்டம் போட்டுக் கால்பந்தை வளர்க்கவில்லை. ஊருக்கு ஒரு மைதானம், மாலையானால் பந்து, பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்துச் சின்னவர்கள் ஆடினார்கள். அதனால்தான் சந்தோஷ் கோப்பைத் தமிழ்நாட்டு அணிக்குத் தூத்தூர்ப் பகுதியிலிருந்து பையன்கள் போகிறார்கள். ஹாக்கிக்கு அப்படி நடக்காது. மட்டை வேண்டும், காப்புகள் வேண்டும், செயற்கைத் தரை வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். பணம் போடுபவர் இல்லாமல் அந்த ஆட்டம் ஓர் ஊரில் வேர் பிடிக்காது.

ஒடிசாவைப் பாருங்கள். சுந்தர்கர் என்பது ஒரு மாவட்டம்தான். தேசிய நிர்வாக அமைப்பான ஹாக்கி இந்தியாவின் தலைவர் திலீப் திர்க்கியும் அமித் ரோஹிதாஸும் அங்கிருந்து வந்தவர்கள். அங்கே வட்டாரம் தோறும் டர்ஃப் என்ற அந்தச் செயற்கைத் தரையைப் போட்டார்கள். தேசிய அணிக்கு 2018 முதல் பணம் கொடுப்பதும் அந்த மாநில அரசுதான். எங்கள் குமரி மாவட்டத்துப் பையன் ஒருவன் ஹாக்கியில் முன்னேற வேண்டுமென்றால் திருநெல்வேலியையும் தாண்டிக் கோவில்பட்டிக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும். நிர்வாகம் கோப்பைக் கனவு காண்பதற்கு முன் இதைக் கணக்கில் எடுக்கிறதா?

ஆரல்வாய்மொழிக் காற்று (3 ஜூலை 2025)

கோவில்பட்டியைக் குறைவாக எடை போடாதீர்கள். அரியலூரில் பிறந்த கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரனும் அங்கே பயின்றவர்கள்தான்; இருவரும் 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக முதன்முதலாக ஆடினார்கள். கார்த்தி அந்த முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தார். 2023-இல் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையிலும் மலேசியாவுக்கு எதிராக முதல் கோல் அவருடையது. அப்போது அரங்கம் எழுப்பிய சத்தத்தை நேரில் கேட்டவர்கள் இங்கே இருப்பார்கள். ஒரே ஒரு விடுதியால் இவ்வளவு முடிகிறது.

வடசேரிக்காரன் (4 ஜூலை 2025)

முடிகிறது, ஆனால் அதற்குப் பிறகு என்ன ஆகிறது? கார்த்தி அணிக்குள் வருகிறார், வெளியே போகிறார், மறுபடியும் வருகிறார். ஒரு முன்கள ஆட்டக்காரருக்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து இடம் கொடுத்தால்தான் அவர் தேறுவாரா மாட்டாரா என்று தெரியும். ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இந்திய ஹாக்கி லீக்கை மறுபடியும் தொடங்கியதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த முதல் பருவத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட அணி தமிழ்நாட்டில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. எல்லாம் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் நடந்தன. நாம் 4-ஆம் இடம் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். தன் ஊர் அணி தன் ஊரில் ஆடுவதைப் பார்க்காத பிள்ளை எதற்காக மட்டையைத் தூக்கும்?

குளச்சல் நண்பருக்கு: நீங்கள் சொன்னது சரி, அதே நோய்தான் அங்கும். அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் காற்று (8 செப்டம்பர் 2025)

இந்த இழையை மேலே கொண்டுவருவதில் எனக்கு மகிழ்ச்சி. பீகாரின் ராஜ்கீரில் நேற்று இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 4-1 என்று வென்று எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியக் கோப்பையை எடுத்தோம். உலகக் கோப்பைக்கு நேரடித் தகுதியும் கிடைத்தது. தொடர் முழுவதும் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. மாஸ்டர் சார், இறுதி ஆட்டத்தில் ஹர்மன்பிரீத் ஒரு கோலும் அடிக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? முதல் நிமிடத்திலேயே சுக்ஜீத், பிறகு தில்பிரீத் இரண்டு, கடைசியில் ரோஹிதாஸ் ஒன்று. ஜூனில் பொறுத்திருந்ததால் இது கிடைத்தது.

பி.டி. மாஸ்டர், மார்த்தாண்டம் (9 செப்டம்பர் 2025)

கவனித்தேன், சந்தோஷப்பட்டேன். தில்பிரீத் வட்டத்துக்குள் பந்தை வாங்கிய இடமும் திரும்பிய வேகமும் உண்மையிலேயே முதல் தரம். ஆனால் தொடரின் தொடக்கத்தில் சீனாவை 4-3 என்று வென்றபோது மூன்று கோல்கள் ஹர்மன்பிரீத்துடையவை என்பதையும், சீனாவிடம் மூன்று கோல் வாங்கினோம் என்பதையும் மறந்துவிட வேண்டாம். பாகிஸ்தானும் ஓமனும் வராத தொடர் இது. அவற்றின் இடத்தில் வங்கதேசமும் கஜகஸ்தானும் ஆடின. கஜகஸ்தானை 15-0 என்று வென்றது பயிற்சி ஆட்டத்துக்குச் சமம். ஆசியாவில் நாம் முதலிடம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. உலகக் கோப்பையை நம்மிடமிருந்து பறிப்பவர்கள் ஆசியாவில் இல்லையே.

கார்த்தி செல்வம் மாற்று வீரர் பட்டியலில்தான் இருந்தார் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

தூத்தூர் பதினொன்று (11 டிசம்பர் 2025)

ஜூனியர் உலகக் கோப்பை முடிந்தது, அதனால் எழுதுகிறேன். மதுரை ரேஸ்கோர்ஸ் அரங்கத்தில் புதிதாகப் போட்ட டர்ஃபில் வெளிநாட்டு அணிகள் ஆடியதைப் பார்க்க எங்கள் ஊர்க் கால்பந்துப் பையன்கள்கூட வேன் பிடித்துப் போனார்கள். தரையில் தண்ணீர் தெளிப்பதை அவர்கள் பார்த்ததே அதுதான் முதல் முறை. ஆட்டத்தைவிட அதைப் பற்றித்தான் திரும்பி வரும்போது பேசிக்கொண்டே வந்தார்களாம். ஆனால் இந்திய அணியின் 18 பேரில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவர்கூட இல்லை. சென்னையும் மதுரையும் விருந்து வைத்தன. பந்தியில் நம் வீட்டுப் பிள்ளைக்கு இலை இல்லை.

வடசேரிக்காரன் (11 டிசம்பர் 2025)

இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தகுதியால் வர வேண்டும். ஆனால் தகுதி பெறும் வழியைத் திறந்து வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. மற்றபடி அந்தப் பையன்களைப் பாராட்டத்தான் வேண்டும். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று நொறுங்கிய அணி, வெண்கல ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் அடித்து 4-2 என்று வென்றது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஆட்டத்தைத் தன் கையில் எடுப்பது எப்படி என்று பெரிய அணி ஜூனில் மறந்ததை இவர்கள் காட்டினார்கள். ஸ்ரீஜேஷ் பயிற்சியாளராக வந்ததன் பயன் இதில் தெரிகிறது.

அந்த 1-5-ஐயும் சேர்த்தே பேச வேண்டும். பாரிஸ் அரையிறுதியிலும் ஜெர்மனிதான், 2-3. இங்கே ஜூனியரிலும் ஜெர்மனிதான். கோப்பையையும் அவர்களே எடுத்துச் சென்றார்கள். வெண்கலத்தோடு நம் கதை ஒவ்வொரு முறையும் முடிகிறது. அதன் பிறகு பரிசு அறிவிப்பு வருகிறது, ஜெர்மனியைத் தாண்ட முடியாதது ஏன் என்ற கேள்வி எழுவதே இல்லை.

இப்போது நிர்வாகத்திடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. ஆகஸ்ட் இறுதியில் உலகக் கோப்பை முடியும். செப்டம்பரில் ஜப்பானில் ஆசியப் போட்டி தொடங்கும். அங்கே தங்கம் வென்றால் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்குக்கு நேரடி இடம். நடுவே மூன்று வாரம்கூட இல்லை. ஒரே அணியை இரண்டுக்கும் அனுப்பி இரண்டிலும் களைத்துப் போகச் செய்வார்களா, அல்லது ஒன்றை முதன்மையாக வைப்பார்களா? எதை வைக்கிறார்கள் என்று இப்போதே முடிவு செய்தால்தான் இரண்டாவது கோல்கீப்பருக்கும் இரண்டாவது ஃபிளிக்கருக்கும் ஆறு மாதம் முன்னதாக உண்மையான ஆட்டங்கள் கிடைக்கும்.

பி.டி. மாஸ்டர், மார்த்தாண்டம் (12 டிசம்பர் 2025)

ஆசியப் போட்டியைத்தான் வைப்பார்கள். ஒலிம்பிக் இடம் போனால் பதவியில் இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உலகக் கோப்பையில் காலிறுதியோடு திரும்பினால் யாரும் கேட்கப் போவதில்லை, 50 ஆண்டுகளாகக் கேட்கவில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்தால் உலகக் கோப்பைக்கு முழு அணியை அனுப்பிவிட்டு, ஜப்பானுக்கு அதிலிருந்து எட்டுப் பேரை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை இந்த ஜூனியர் அணியிலிருந்து எடுப்பேன். ஆசியாவில் வெல்ல அது போதும் என்பது என் கணிப்பு. மறுக்கிறவர்கள் பெயர்களோடு பட்டியல் போட்டு மறுக்கவும்.